மண் கேளாச் செடி

எமது வீட்டு முன்விறாந்தையிலே ஒரு மாமரக் கிளைத்துண்டு கம்பியில் தொங்குகின்றது. இரண்டு முழ நீளம் இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கயிறுகள் போன்ற வேர்கள் பின்னிப் படர்ந்திருக்க, நடுவே தடித்த பச்சை இலைகளோடு ஓர் ஓர்க்கிட் செடி வாழ்கின்றது. வீட்டுக்கு வருவோருள் அதனைப் பார்த்து ஒன்றும் கேளாது போனவர் மிகச் சிலரே. "மாஸ்டர், பாவம் இந்தச் செடி, இதற்கு ஒரு சட்டி வாங்கி மண் போட்டு வைக்கக் கூடாதா?" என்று இரக்கத்தோடு கேட்போர் ஒரு சாரார். "எங்கள் வீட்டிலும் ஓர்க்கிட் இருக்கிறது, அதையும் இப்படிக் கட்டித் தொங்கவிடலாமா?" என்று ஆவலோடு கேட்போர் இன்னொரு சாரார். முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதற்கு நாம் மூன்று செடிகளைச் சாகவிட வேண்டியிருந்தது. மற்றவர்களுடைய செடிகளாவது பிழைக்கட்டும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

கிளையிலே தொங்கும் செடியின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். வவுனியாப் பக்கத்திலே உத்தியோகம் பார்த்த எமது அம்மப்பா, காற்றில் முறிந்து வீதியோரத்தில் வீழ்ந்து கிடந்த மரக்கிளையொன்றிலே கண்டெடுத்து வந்த செடி அது. தாவரவியலார் அதனை வண்டா தெசலாட்டா என்பர். மஞ்சளும் கபிலமும் கட்டம் கட்டமாகக் கலந்த இதழ்களும், ஊதா நிற உதடும், இனிய மணமும் உடையது. நம் நாட்டின் உலர் வலயத்துக்கு உரிய செடி. எமது அம்மா அதனை வளவின் கிழக்குப் புறத்து மாமரத்தின் கவட்டிலே வைத்து, பழைய சேலைக்கரையைக் கிழித்துக் கட்டினார். சில ஆண்டுகளில் வேர்கள் கிளையெங்கும் ஓடின.

ஒருநாள் அயல் வளவு முதியவர் கையிற் கத்தியோடு வந்தார். "பிள்ளை, உன்னுடைய மாவிலே குருவிச்சை பிடித்துவிட்டது. இப்போதே வெட்டாவிட்டால் கிளை பட்டுப்போகும்" என்றார். அம்மா மரத்தடியில் நின்று தடுத்தார். "இது குருவிச்சை இல்லை அண்ணை. குருவிச்சை மரத்துக்குள்ளே வேரை விட்டு அதன் சாற்றைக் குடிக்கும். இதன் வேர் மேலேதானே ஓடுகிறது, தொட்டுப் பாருங்கோ. இது மாவிடம் இருக்க இடம் மட்டுந்தான் கேட்டது" என்றார். முதியவர் தொட்டுப் பார்த்தார்; ஒன்றும் பேசாது கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நாம் அப்பொழுது ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். ஒட்டுண்ணி, மேலொட்டி என்னும் சொற்களைப் பிற்காலத்தில் பாடநூலிற் கண்டபோது, அவற்றின் வேறுபாட்டை எமக்கு மாமரத்தடியிலேயே கற்பித்துவிட்டவர் எம் அன்னையே என்பதை எண்ணி மகிழ்ந்தோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நாமும் அந்தக் கூட்டத்திலே நடந்தோம். புறப்படும் அவசரத்திலும் அம்மா, விறாந்தையில் இருந்த பூச்சட்டிகளை எல்லாம், மழையாவது படட்டும் என்று முற்றத்துக்கு இழுத்து வைத்துவிட்டே படலையைச் சாத்தினார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னர் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை; கதவுகளும் இல்லை. முற்றத்துச் சட்டிகளில் மண் கல்லாக இறுகியிருந்தது. குரோட்டன்களும் ரோசாக்களும் வெறுங் குச்சிகளாய் நின்றன. மாமரத்திலே வண்டா மாத்திரம் இருந்தது. இலைகள் சுருங்கி நடுவிலே மடிந்திருந்தன. ஆயினும் நகத்தாற் கீறிப் பார்த்தபோது வேரின் உள்ளே உயிர் இருந்தது. அம்மா வீட்டுக்குள் நுழையவில்லை. முதலில் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி நீர் அள்ளிக்கொண்டு மாமரத்துக்குத்தான் வந்தார்.

சட்டியிலே வைத்தவை யாவும் அழிந்தன. மரத்திலே கட்டியது பிழைத்தது. பதினைந்து வயதுப் பையனாகிய எமது மனத்தில் இது ஆழப் பதிந்தது. ஓர்க்கிட் என்றால் மரத்திலேதான் கட்ட வேண்டும் என்று அன்றே தீர்மானித்துக்கொண்டோம். அது பாதிப் பாடமே என்பது பிற்காலத்திலேதான் தெரிய வந்தது.

பின்னர் பட்டப்படிப்புக்காகப் பேராதனைக்குச் சென்றோம். 1821 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அரச தாவரவியற் பூங்கா பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலேயே உள்ளது. அங்குள்ள ஓர்க்கிட் இல்லத்தை நாம் எத்தனை முறை பார்த்தோமென்று கணக்கில்லை. ஆயினும் எம்மை அதிகம் கவர்ந்தவை, கண்ணாடிக்குள் இருந்த செடிகளல்ல. வெளியே மரங்களில் தாமாக வாழ்ந்தவையே. புறாவின் பெயரால் வழங்கும் டென்ட்ரோபியம் ஒன்று உண்டு. சாதாரண நாட்களில் அதனை எவரும் ஏறெடுத்தும் பாரார். திடீரென மழை பெய்து வெப்பம் தணியுமாயின், அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாட் காலையிலே, அந்தப் பக்கத்திலுள்ள அதே இனச் செடிகள் யாவும் ஒருங்கே வெள்ளை வெளேரெனப் பூக்கும், மாலையில் வாடிவிடும். அதனைக் கண்ட காலைப்பொழுதொன்றில் நாம் விரிவுரைக்குப் பிந்திச் சென்றோம். இன்றும் அதற்காக வருந்தவில்லை.

அக்காலத்திலே கற்றவற்றுள் இரண்டு செய்திகளை வாசகர்கள் மனத்திற் கொள்வது நன்று. உலகிலே 25,000 வகைகளுக்கு மேற்பட்ட ஓர்க்கிட்டுகள் உள்ளன. அவற்றுள் பத்திலே ஏழு பங்கு மரங்களிலும் பாறைகளிலும் வாழும் மேலொட்டிகள். எஞ்சியவற்றிற் பெரும்பாலானவை நிலத்திலே வேரூன்றுவன. இஃது ஒன்று. மேலொட்டி ஓர்க்கிட்டின் வேர் ஏனைய செடிகளின் வேர் போன்றதன்று என்பது மற்றொன்று. அதன் புறத்தே, உயிரற்ற வெறுங் கலங்களாலான ஒரு பஞ்சுப் போர்வை உண்டு. காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளியாகத் தோன்றும். நீர் பட்டதும் அதனை நொடியில் உறிஞ்சிக்கொள்ள, உள்ளேயுள்ள பச்சை வெளியே தெரியும். மழை பெய்யும் சிறு நேரத்துக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு இயற்கை வகுத்த ஏற்பாடு இது. அத்தகைய வேரை எந்நேரமும் ஈரமான மண்ணிலே புதைத்துவிட்டால் காற்றின்றி அழுகிவிடும். மண்ணில் வைக்கக்கூடாதா என்று கேட்கும் அன்பர்களுக்கு எமது விடை இதுவே.

இவ்வளவும் கற்றிருந்தும் நாம் தவறினோம். 2010 ஆம் ஆண்டு கொழும்பிலே ஒரு மலர்க்கண்காட்சிக்குப் போய், கண்ணைக் கவர்ந்த ஐந்து செடிகளை வாங்கி, புகைவண்டியும் பேருந்துமாக மடியில் வைத்து ஊருக்குக் கொணர்ந்தோம். பூவைப் பார்த்து வாங்கினோமேயன்றி, பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்டறியவில்லை. வந்ததும் வராததுமாக ஐந்தையும் சட்டியிலிருந்து பிடுங்கி, ஐந்து பலகைகளிலே கட்டித் தொங்கவிட்டோம். அது வைகாசி மாதம். சோளகம் வீசத் தொடங்கிய காலம். ஆடி முடிவதற்குள் மூன்று செடிகள் மடிந்தன.

நாம் மனமுடைந்து நிற்பதைக் கண்ட அம்மா, "தம்பி, நான் கட்டினது மரத்திலே பிறந்ததை. நீ நிலத்திலே பிறந்ததையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாய். ஆரிடம் கேட்டுக் கட்டினாய்?" என்றார். நாம் மடிந்த செடிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவை ஏன் மடிந்தன என்று ஆராயத் தொடங்கினோம்.

முதலிரண்டு செடிகளின் குற்றத்தை அவற்றின் வேரே சொல்லிற்று. ஒன்று, பாதரட்சை வடிவில் உதடுடைய பஃபியோபெடிலம். அதன் வேர்கள் மெல்லியனவாய், உரோமம் போர்த்தனவாய், கபில நிறமாய் இருந்தன. காட்டு நிலத்திலே உதிர்ந்த இலைகளின் ஈரத்துக்குள் வாழ்வதற்கென அமைந்த வேர் அது. வெறும் பலகையில் அதனைக் கட்டியது, மீனைக் கொடியில் உலரவிட்டது போலாகும். மற்றையது ஸ்பதோகுளோட்டிஸ். பல வீடுகளின் முற்றத்திலே பாத்தி கட்டி வளர்க்கப்படும் ஊதா நிற நில ஓர்க்கிட் அதுதான். மலைநாட்டு வீதிக்கரைகளிலே மூங்கில் போல் உயர்ந்து வளரும் அருண்டினாவும் இவ்வினத்தைச் சேர்ந்த நிலவாசியே. ஆகவே முதல் விதி: பூவைப் பார்க்குமுன் வேரைப் பார்க்க வேண்டும். பென்சிற் பருமனளவில், வெள்ளை படர்ந்து, சட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளும் வேர்களாயின், அச்செடி தானாகவே மரத்தைத் தேடுகின்றது என்க. மயிர் போன்ற மெல்லிய வேர்களாயின் அதனைச் சட்டியிலேயே விட்டுவிடுதல் நலம்.

மூன்றாவது செடி எம்மை நன்கு குழப்பியது. அது பலனொப்சிஸ், வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் போலப் பூக்கும் செடி. அதன் வேர் தடித்ததே. இயற்கையில் மரத்திலே வாழ்வதே. உண்மையில் பலகையில் சாய்த்துக் கட்டுவதே அதற்கு ஒரு வகையில் நன்மை. ஏனெனில் சட்டியில் நிமிர்ந்து நிற்கும்போது நடுக்குருத்திலே நீர் தேங்கி அழுகிவிடுவதுண்டு. அவ்வாறாயின் அது ஏன் மடிந்தது? அதன் அகன்ற இலை ஈரக் காற்றுக்குரியது. நீரைச் சேமித்து வைக்கும் தண்டு அதற்கில்லை. யாழ்ப்பாணத்துச் சோளகம் ஒரு முற்பகலுக்குள் அதன் வேரைக் காயவைத்துவிடும். கண்டியிலோ கொழும்பிலோ நிழலான இடத்தில் இதே செடியைப் பலகையிற் கட்டினால் செழித்து வளரும். ஆகவே இரண்டாவது விதி: செடி எங்கே பிறந்தது என்று கேட்பதோடு, நாம் எங்கே இருக்கின்றோம் என்றும் கேட்க வேண்டும்.

பிழைத்த இரண்டும் மூன்றாவது விதியைக் கற்பித்தன. ஒன்று கற்லேயா, மற்றொன்று கடைகளிலே சாதாரணமாகக் கிடைக்கும் கலப்பின டென்ட்ரோபியம். இவ்விரண்டுக்கும் கரும்பு போன்றோ கதிர் போன்றோ தடித்த தண்டுகள் உண்டு. தாவரவியலார் இவற்றைப் போலிக்குமிழ் என்பர். செடியின் தண்ணீர்த் தாழி இதுவே. அன்றியும் இத்தகைய தடித்த இலையுடைய மேலொட்டிகள் பல, பகலிலே இலைவாய்களை மூடி வைத்து, இரவின் குளிர்ச்சியிலே திறந்து கரியமிலவாயுவைப் பெற்றுக்கொள்கின்றன. அதனால் நீர் வீணாவதில்லை. தடித்த தண்டு, தடித்த இலை என்னும் இரண்டில் ஒன்றேனும் இல்லாத செடி, வறண்ட ஊரிலே பலகை வாழ்வைத் தாங்காது.

நான்காவது விதி செடியின் வளர்ச்சி முறையைப் பற்றியது. சில செடிகள் பக்கவாட்டிலே ஊர்ந்து ஊர்ந்து சட்டியை விட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் சட்டி மாற்றிக் களைப்பதிலும் அவற்றை ஒரு நீண்ட கிளையிலே கட்டிவிடுவது எளிது. இன்னும் சிலவற்றின் தண்டோ பூங்கொத்தோ கீழ்நோக்கித் தொங்கும். நரிவால் ஓர்க்கிட் எனப்படும் ரைங்கோஸ்டைலிஸ் ரெற்றூசா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அசாம் மாநிலத்தின் மலராகிய இது நம் தீவிலும் இயற்கையாக வளர்வது. அதன் பூங்கொத்தின் அழகு சட்டியில் பாதியாகவும், மரத்தில் முழுமையாகவும் தெரியும். சட்டியிலே நிமிர்ந்து நிற்கும் பெருஞ் செடிகளோ, தலை பாரம் மிக்கவையோ பலகைக்கு ஏற்றவையல்ல.

இவ்விதிகளைக் கொண்டு பார்க்குமிடத்து, யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய வெப்பமான இடங்களுக்கு வண்டா தெசலாட்டாவும், நரிவாலும், கற்லேயாவும், டென்ட்ரோபியமும் ஏற்றவை. இவற்றோடு பிரஸ்ஸவோலா நொடோசாவையும் சேர்க்கலாம். மத்திய அமெரிக்கக் கரையோரங்களிலிருந்து வந்த இச்செடியின் இலை, விரல் போல் திரண்டு நீரைக் காக்கும். பூ இரவிலே மணக்கும். கொழும்பு, கண்டி போன்ற ஈரமான இடங்களில் இருப்போர் பலனொப்சிஸையும், பொன்னிறமாய்ப் பூக்கும் ஒன்சிடியத்தையும் துணிந்து கட்டலாம். நுவரெலியாவிலே அழகாகப் பூக்கும் பெரும் பூவுடைய சிம்பிடியங்களைச் சட்டியிலேயே வைத்திருத்தல் நன்று.

இனி ஐந்தாவது விதி. எல்லாவற்றிலும் முக்கியமானதும், எவரும் நினையாததும் இதுவே: தண்ணீர் விடுபவர் யார்? சட்டிச் செடி நான்கு நாட்கள் பொறுத்துக்கொள்ளும். புதிதாகப் பலகையிற் கட்டிய செடிக்கு வறண்ட காலத்திலே நாள்தோறும் காலையில் நீர் வேண்டும். சில நாட்களில் பிற்பகலிலும் வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளும் வகுப்புகளுக்குப் போய்விடும் வீட்டிலே பத்துப் பலகைகளைத் தொங்கவிடுவது அறிவுடைமை அன்று. "அப்படியாயின் உங்கள் மாமரத்துச் செடி ஆறு மாதம் தனியே பிழைத்ததே" என்று கேட்கலாம். அது பல ஆண்டுகள் ஒரே மரத்தில் வாழ்ந்து, பல முழத் தூரத்துக்கு வேரை ஓட்டி, பட்டையில் வடியும் மழைநீரையும் இரவுப் பனியையும் பிடிக்கக் கற்றிருந்த செடி. நேற்றுக் கட்டிய செடியிடம் அந்த வல்லமையை எதிர்பார்க்கலாகாது. அது காலூன்றுவதற்கு ஓரிரண்டு ஆண்டுகளாவது செல்லும். அதுவரையில் அதற்கு ஒரு மனிதரின் துணை வேண்டும்.

கட்டும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். செடியிலே புது வேர் அரும்பும் காலமே கட்டுவதற்கு ஏற்ற காலம். எமது பகுதியில் மாரி மழைக்குச் சற்று முன்னர், புரட்டாதி மாதத்திலே கட்டினால், வேர்விடும் மாதங்களெல்லாம் வானமே நீர் வார்க்கும். மரமாயின் சொரசொரப்பான பட்டையுடையதாய், பட்டையை உரித்துக் கழிக்காததாய் இருத்தல் வேண்டும்; மா இதற்கு மிகச் சிறந்தது. பலகையாயின் உரமான மரத்துண்டு, தென்னம் பொச்சு, உடைந்த கூரையோடு ஆகிய எதுவும் ஆகலாம். பொச்சு நீரை அதிகம் பிடிக்கும். ஆயினும் சில ஆண்டுகளில் உக்கிவிடும். புதுப் பொச்சைப் பல நாள் நீரில் ஊறவைத்து, உப்பும் கறையும் போகக் கழுவியே பயன்படுத்த வேண்டும். மரப்பன்னத் துண்டுகளை முற்காலத்திலே பயன்படுத்தினர். அவை காட்டிலிருந்து வெட்டப்படுவனவாகையால் நாம் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

கட்டுவதற்குத் தங்கூசியோ பழைய சேலைக்கரையோ போதும். செப்புக் கம்பி வேருக்கு நஞ்சாகும். செடி அசையாதபடி இறுகக் கட்டுதல் அவசியம். ஆடிக்கொண்டிருக்கும் செடியின் வேர்நுனி மரத்திலே பற்றும் முன்னரே உரசித் தேய்ந்துவிடும். ஊர்ந்து வளரும் செடியாயின் புதுத்தளிர் மரத்தை நோக்கியிருக்குமாறு வைக்க வேண்டும். வேரை மண்ணாலோ பாசியாலோ தடிப்பாக மூடுதல் கூடாது. மற்றுமொரு செய்தி யாழ்ப்பாணத்தார்க்குச் சிறப்பாக உரியது. எமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. அதனையே நாள்தோறும் தெளித்தால் இலையிலும் வேரிலும் வெள்ளைப் படை படியும். நாம் மாரியிலே கூரைநீரைப் பரல்களில் நிரப்பி மூடி வைத்து, இயன்ற அளவு அதையே பயன்படுத்துகின்றோம். உரம் இடுவதாயின், பொதியில் எழுதியுள்ள அளவில் நாலில் ஒரு பங்கை நீரிலே கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தல் போதுமானது.

இவற்றையெல்லாம் சொல்லும்போது இன்னுமொன்றையும் மறைக்காது சொல்ல வேண்டியவர்களாக இருக்கின்றோம். நம் தீவிலே ஏறத்தாழ 190 வகை ஓர்க்கிட்டுகள் இயற்கையாக வளர்கின்றன. ஐம்பதுக்கு மேற்பட்டவை வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. வெசாக் காலத்தையொட்டிப் பூப்பதால் சிங்கள மக்கள் வெசாக் மலர் என வழங்கும் டென்ட்ரோபியம் அவற்றுள் ஒன்று. காட்டிலிருந்து பிடுங்குவோராலும், காடு அழிவதாலும் அது இன்று மிக அருகிவிட்டது. 1922 ஆம் ஆண்டிலே கோர்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன் என்னும் அறிஞர், ஓர்க்கிட் விதையைச் சீனி கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கும் வழியைக் காட்டினார். அதன்பின் ஆய்வுகூடங்களிலே இலட்சக்கணக்கான செடிகள் பிறக்கின்றன. ஆகவே, கடையிற் கிடைக்கும் செடியை வாங்குவதே முறை; காட்டுச் செடியைப் பிடுங்குவது முறையன்று.

இக்கருத்தை 2012 ஆம் ஆண்டு நாம் வகுப்பிலே மிகுந்த ஆவேசத்தோடு பேசினோம். அடுத்த திங்கட்கிழமை, வன்னியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன் சாக்குப்பொதியொன்றை எமது மேசையில் வைத்தான். உள்ளே வேரோடு ஒரு வண்டா இருந்தது. எமக்குக் கோபம் பொங்கிற்று. "சென்ற வாரம் நான் சொன்னது காதில் விழவில்லையா?" என்று வகுப்பார் முன்னிலையிலே கடிந்துகொண்டோம். அவன் தலை குனிந்து நின்றானேயன்றி ஒரு வார்த்தையும் மறுத்துரைக்கவில்லை. மறுநாள் அவனுடைய நண்பன் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, அது காட்டிலே பிடுங்கினதில்லை. அவர்களுடைய காணியிலே செல் விழுந்து பட்டுப்போன பாலைமரம் ஒன்று நின்றது. தகப்பனார் அதைத் தறித்து எரிக்கக் குவித்திருந்தார். உங்களுக்குப் பிடிக்கும் என்று அவன் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்தவன்" என்றான்.

அன்று முழுதும் எமக்கு உணவு செல்லவில்லை. எங்கோ முறிந்து கிடந்த கிளையிலிருந்து எமது அம்மப்பா எடுத்து வந்த செடியைப் போற்றி வளர்த்த நாம், எரியவிருந்த கிளையிலிருந்து ஒரு சிறுவன் மீட்டு வந்த செடிக்காக அவனைத் தண்டித்தோம். வேரைப் பார்க்காமல் தீர்மானிக்கக் கூடாது என்று செடிகளின் விஷயத்திலே கற்றுக்கொண்டது, மனிதர் விஷயத்திலே உதவாமற் போயிற்று. மறுநாள் அதே வகுப்பிலே, அதே மாணவர் முன்னிலையிலே, அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்று மாலை அவனும் நாமும் அந்தச் செடியை எமது கிணற்றடித் தென்னையிலே கட்டினோம். முடிச்சுப் போட்டவன் அவனே. இன்று அவர் தொழில் பார்க்கும் குடும்பஸ்தர். ஊருக்கு வரும்போதெல்லாம் எமது வீட்டுக்கு வருவார். எம்மைப் பார்க்கவா, தென்னையைப் பார்க்கவா என்று நாம் கேட்பதில்லை.

மாமரம் இப்போது இல்லை. 2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே நிஷா என்னும் புயலோடு வந்த பெருமழையில் அது அடியோடு சாய்ந்தது. விழுந்த மரத்திலிருந்து, வண்டா பற்றியிருந்த கிளையின் ஒரு துண்டை வேர்களுக்கு ஊறு நேராமல் அறுத்தெடுத்தோம். விறாந்தையிலே தொங்குவது அதுதான். முதலிரண்டு ஆண்டு செடி பூக்கவில்லை. துண்டிக்கப்பட்ட வேர்களுக்குப் பதிலாகப் புது வேர்கள் ஓடின. மூன்றாம் ஆண்டு மீண்டும் பூத்தது.

அம்மாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. ஆயினும் காலையில் எழுந்து திருநீறு பூசிக்கொண்டதும் சுவரைப் பிடித்தபடி விறாந்தைக்கு வருவார். விரலாலே வேரைத் தடவிப் பார்ப்பார். "காய்ந்துபோச்சு, பிள்ளை, தண்ணீர் கொண்டுவா" என்றால் எமது மகள் மழைநீர்ப் பரலுக்கு ஓடுவாள். "இன்றைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம் என்பதே தீர்ப்பு. பாட்டியின் விரலுக்கு அருகில் தன் விரலையும் வைத்து அவளும் தடவிப் பார்க்கப் பழகிவிட்டாள். சென்ற வாரம் பூக்கடையொன்றின் முன் நாம் ஒரு செடியின் பூவிலே மயங்கி நின்றபோது, அவள் குனிந்து சட்டியின் விளிம்பைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதற்கு மயிர்வேர், இது சட்டியிலேதான் இருக்க வேண்டும்" என்றாள்.

நாம் பணப்பையைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டோம்.